வேன்ல டாய்லெட் வைக்கலாம். ஆனா டேங்கை யார் காலி பண்றது?

1/ "ஏனுங்க டாக்டர், அம்மாயியக் கூட்டிட்டு ஊட்டி போலாம்னு இருக்கோம். வேன்லயே வெக்கற டாய்லெட் ஒண்ணு வாங்கலாங்களா?" கோடை லீவு ஆரம்பிச்சதுல இருந்து சரவணம்பட்டியிலயே நிறைய பேர் இதைக் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு ஒரே திரெட்டா எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2/ சுருக்கமான பதில்: நல்லது, வாங்குங்க. ஆனா ஒரே ஒரு நிபந்தனை. அந்த டேங்கை உங்க வீட்டு ஆள்தான் காலி செய்யணும். டிரைவர் கூடாது. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா கூடாது. ரிசார்ட்டில் கூட்டிப் பெருக்குறவங்க கூடாது. இதுக்கு ஒத்துக்க முடியாதுன்னா வாங்காதீங்க. ஏன்னு கீழே சொல்றேன்.

3/ முதல்ல, இது ஏன் ஆடம்பரம் இல்லைன்னு பார்ப்போம். பயணம் கிளம்புற நாளில் நம்ம வீட்டுப் பெண்கள் செய்ற முதல் வேலை என்ன? காலையிலிருந்து தண்ணி குடிக்காம இருப்பது. வழியில் இறங்க இடம் இருக்காது, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது. இதை அவங்க யார்கிட்டயும் சொல்றதில்லை. ரெண்டு நாள் கழிச்சு "நீர்க்கடுப்பு" என்று கிளினிக்குக்கு வரும்போதுதான் தெரியும்.

4/ சிறுநீர்ப்பை சாதாரணமா 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். பெண்களுக்கு சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு, அதனால் கிருமி எளிதா மேலே ஏறும். தண்ணியும் குடிக்காம, வந்ததையும் அடக்கி வெச்சா கிருமியைக் கழுவி வெளியே தள்ளும் வேலையே நடக்காது. நீர்த்தொற்று வரும். கல் வரக்கூடிய உடம்புக்காரங்களுக்கு சிறுநீர் கெட்டியாகி, கல்லுக்கும் வழி பண்ணிக் கொடுக்கும்.

5/ ஆண்களுக்கும் இது உண்டு. அறுபது தாண்டிய அப்பாருக்கு ப்ராஸ்டேட் வீங்கியிருக்கும். நாலு மணி நேரம் அடக்கிட்டு, இறங்கின இடத்துல போக முயற்சி பண்ணினா, வயிறு முட்ட நிறைஞ்சிருக்கும், ஒரு சொட்டு வராது. அது எமர்ஜென்சி. ட்யூப் போட்டுத்தான் எடுக்கணும். மலைப்பாதையில் நடு வழியில் இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

6/ இன்னும் ஒண்ணு, இதுதான் எனக்கு அதிக பயம். இதயம் பலவீனமானவங்க சாப்பிடும் நீர் மாத்திரையை "இன்னிக்கு ட்ராவல், வேண்டாம்" என்று விட்டுடறாங்க. மூணு நாள் டூர்னா மூணு நாளும். திரும்பி வரும்போது கால் வீங்கி, படுத்தா மூச்சு முட்டும். மாத்திரையை நிறுத்தாதீங்க. எந்த நேரத்துக்கு மாத்தி சாப்பிடலாம்னு உங்க டாக்டரைக் கேளுங்க.

7/ அதே மாதிரி டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையை சிறுநீர் வழியா வெளியேத்தும். அடிக்கடி போக வேண்டி வரும். அவங்க தண்ணியைக் குறைச்சா உடம்பு வறண்டுபோகும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துக்கும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் கதை உங்களுக்கே தெரியும். ஆக, வண்டியில் ஒரு டாய்லெட் இருப்பது பெரிய விஷயம்.

8/ கேரவன்னா நமக்கு ஞாபகம் வர்றது பொள்ளாச்சி ஷூட்டிங்கும் ஹீரோ வண்டியும்தான். இப்போ நிலைமை மாறுது. கேரளா அரசு 2021ல கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவிச்சு, வாகமனில் அதுக்குன்னே பார்க் வந்துச்சு. நம்ம ஊர்லயும் வேனை மாத்தி படுக்கை, அடுப்பு வெச்சு ஓட்டறவங்க இருக்காங்க. பெரிய வண்டி கூட வேண்டாம். ரெண்டு பாகமா கழட்டற பிளாஸ்டிக் டாய்லெட் ஆம்னி வேனிலேயே அடங்கும்.

9/ அது எப்படி வேலை செய்யுது? மேல் பாகம்: உட்காரும் சீட், ஃப்ளஷ் தண்ணி டேங்க். கீழ் பாகம்: கழிவு டேங்க். நடுவுல இழுத்துத் திறக்குற ஒரு வால்வு, அதைச் சுத்தி ரப்பர் சீல். அந்த சீல் நல்லா இருக்கும் வரைக்கும் நாத்தம் வெளியே வராது. கழிவு டேங்க் பொதுவா 10 முதல் 20 லிட்டர் பிடிக்கும்.

10/ கம்பெனிக்காரங்க சொல்ற "இத்தனை தடவை தாங்கும்" கணக்கை நம்பாதீங்க. அது பேப்பரில் துடைக்கிற ஊருக்குப் போட்ட கணக்கு. நாம தண்ணியில் கழுவறவங்க. நாலு பேர், ஒரு நாளைக்கு ஆளுக்கு அஞ்சு தடவைன்னு வைங்க. ஒரு தடவைக்கு சிறுநீர் 300 மில்லி, ஃப்ளஷ் 200, கழுவ 300. மொத்தம் 800 மில்லி. இருபது தடவைக்கு 16 லிட்டர். 20 லிட்டர் டேங்க் ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிடும்.

11/ அதனால கழுவறதுக்கு சொம்பு வேண்டாம், அழுத்தினா பீய்ச்சுற சின்ன பாட்டில் வெச்சுக்கங்க. 300 மில்லி தாராளம். முன்னாலிருந்து பின்னால கழுவுங்க, இது பெண்களுக்கு ரொம்ப முக்கியம். பெரியவங்களுக்கு ராத்திரி சிறுநீருக்கு மட்டும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் யூரின் கேன் தனியா வெச்சா டேங்க் சீக்கிரம் நிறையாது. முக்கால் டேங்க் ஆனதும் காலி பண்ணிடுங்க. முழுசா நிறைஞ்ச டேங்க் 20 கிலோவுக்கு மேல. தூக்கறப்போ இடுப்பும் பிடிக்கும், தளும்பவும் செய்யும்.

12/ டேங்குக்குள்ள போகக் கூடாதவை: நாப்கின், டயபர், ஈர வைப்ஸ், சாப்பாட்டு மிச்சம். நாப்கினை பேப்பரில் சுத்தி தனிப் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துட்டு வந்து குப்பை வண்டியில் தனியா கொடுங்க. டிஷ்யூ போட்டே ஆகணும்னா சீக்கிரம் கரையற மெல்லிசுதான். வண்டி ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது. ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான்.

13/ அடுத்து கெமிக்கல். கழிவு டேங்கில் ஊத்துற திரவம் ரெண்டு வகை. ஒண்ணு ஃபார்மால்டிஹைடு மாதிரி கிருமியைக் கொல்றது. இன்னொண்ணு என்சைம், நல்ல பாக்டீரியா வெச்சு மட்க வைக்கிறது. நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். ஃபார்மால்டிஹைடுன்னா எங்களுக்கு அனாடமி ஹால்ல கண்ணு எரியுமே, அதே ஃபார்மலின் சமாச்சாரம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பட்டியலில் முதல் பிரிவில் வெச்சிருக்கு. அடைச்ச வேன்ல, ஏசி போட்டு, குழந்தை பக்கத்துல அது வேண்டாமே.

14/ அதை வீட்டு டாய்லெட்டில் ஊத்தினா இன்னொரு சிக்கல். செப்டிக் டேங்க் வேலை செய்றதே உள்ளே இருக்கும் பாக்டீரியாவால்தான். திரும்பத் திரும்ப ஃபார்மால்டிஹைடு போனா அது செத்துப்போகும். சரவணம்பட்டி 2011ல மாநகராட்சியோட சேர்ந்தாச்சு, ஆனாலும் இங்கே பல வீடுகள் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கு. அதை நாமே கெடுத்துக்க வேண்டாம்.

15/ "பிளீச்சிங் பவுடர் போட்டா சுத்தமாயிடும்ல?" தயவு செஞ்சு போடாதீங்க. சிறுநீரில் அமோனியா இருக்கும். பிளீச்சிங்கோட சேர்ந்தா குளோரமைன் வாயு வரும். டாய்லெட் கழுவற ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தா குளோரின் வாயு. திறந்த வீட்டு பாத்ரூமிலேயே இதனால மூச்சுத் திணறி வர்றவங்க உண்டு. வேன் அதைவிடச் சின்ன அறை. ரப்பர் சீலும் கெட்டுப்போகும். மிதமான சோப்புத் தண்ணி போதும்.

16/ மலை ஏறுறவங்க கவனிக்க. ஊட்டி போனதும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்குமே, பார்த்திருக்கீங்களா? கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. வெளிக்காத்தின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதே உப்பல் கழிவு டேங்குக்குள்ளயும் நடக்கும். மேட்டுப்பாளையத்தில் இறுக்கி மூடின டேங்கை குன்னூர்ல சட்டுனு திறந்தா மூஞ்சியில் தெறிக்கும். மேல் மூடியை மூடி வெச்சுக்கிட்டே வால்வை மெதுவா இழுங்க. காத்து போன பிறகு மூடியைத் திறங்க. வால்பாறை நாற்பது கொண்டை ஊசிக்கும் இதே விதிதான்.

17/ இனிதான் முக்கியமான விஷயம். எங்கே கொட்டுறது? ஆஸ்திரேலியாவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த டேங்கைக் காலி செய்யவே போர்டு வெச்ச இடங்கள் இருக்கு. இங்கிலாந்தில் கேம்ப் நடத்துற இடங்களில் அதுக்குன்னு தனித் தொட்டி இருக்கும். நம்ம மலைப்பாதையில் அந்த மாதிரி போர்டு வெச்ச இடம் ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால் பல பேருக்குத் தோணுற இடம் ஓடை, புதர், தேயிலைத் தோட்டத்து ஓரம்.

18/ அந்த ஓடை எங்கே போகுதுன்னு பாருங்க. நீலகிரியில் குந்தா ஆறு இறங்கி பவானியோட சேருது. பில்லூர் அணையில் தேங்குற தண்ணிதான் பில்லூர் திட்டத்தில் கோயம்புத்தூருக்குக் குடிநீரா வருது. குன்னூர்ப் பக்கம் கொட்டினா அது மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி பவானியில் சேரும், அதையும் கீழே இருக்கிற ஊர்க்காரங்க குடிக்கிறாங்க. டைபாய்டு, மஞ்சக்காமாலையில் ஏ வகையும் ஈ வகையும், காலரா, எல்லாம் மலத்திலிருந்து வாய்க்கு வர்ற நோய்கள். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் மாசக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட உயிரோட இருக்கும். நீலக் கலர் திரவம் ஊத்தியாச்சே என்கிற சமாதானம் வேண்டாம். அது நாத்தத்தைக் குறைக்கும், மலத்தைத் தீர்த்தம் ஆக்காது.

19/ சரியான இடம்: வேலை செய்யும் ஒரு டாய்லெட். தங்குற ரூமில் இருப்பது, உங்க வீட்டில் இருப்பது, அனுமதி கேட்டுட்டு பெட்ரோல் பங்க்கில் இருப்பது. பாத்ரூம் ஜலதாரையில் ஊத்தாதீங்க. தெருவோர மழைநீர் வடிகாலில் சுத்தமா வேண்டாம், அது பள்ளத்துக்கும் குளத்துக்கும்தான் போகும்.

20/ காலி செய்யும் முறை. கையுறை போடுங்க. ஊத்துற குழாயை டாய்லெட்டுக்குக் கிட்டக் கொண்டுபோங்க. காத்து விடும் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சாய்ங்க, இல்லேன்னா குபுக் குபுக்னு தெறிக்கும். ரெண்டு தடவை தண்ணி விட்டு அலசி அதையும் அதே டாய்லெட்டில் ஊத்துங்க. ஒரு பக்கெட் தண்ணி விட்டு ஃப்ளஷ் பண்ணுங்க. கையுறையைக் கழட்டி சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்க. சானிடைசர் புழு முட்டையை ஒண்ணும் பண்ணாது, சோப்பும் தண்ணியும்தான். மொத்தமே பத்து நிமிஷ வேலை.

21/ ஊருக்கு வந்த பிறகு: ரெண்டு டேங்கையும் கழுவி, வெயிலில் நேரா வைக்காம நிழலில் காய வைங்க. வால்வைத் திறந்தே வைங்க, மூடி வெச்சா சீல் ஒட்டிக்கும். சீலுக்கு சிலிகான் கிரீஸ் தடவுங்க. வாசலின், தேங்காய் எண்ணெய் ரெண்டும் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். ஃப்ளஷ் தண்ணியை அடுத்த டூர் வரைக்கும் உள்ளேயே விட்டுடாதீங்க. இவ்வளவுதான் பராமரிப்பு.

22/ இப்போ என் நிபந்தனைக்கு வர்றேன். பத்து நிமிஷ வேலைன்னு சொன்னேனே, அந்தப் பத்து நிமிஷத்தை யார் செய்றாங்க? வாடகை கேரவன் எடுத்தா பெரும்பாலும் டிரைவர். "அவருக்கு ஐந்நூறு ரூபா சேர்த்துக் கொடுத்துடலாம் டாக்டர்" என்று சொல்றாங்க. ரிசார்ட் போனா அங்கே துடைப்பம் பிடிச்சு நிக்கிற ஒரு அண்ணாவைக் கூப்பிடறாங்க. அந்த அண்ணா எந்தச் சாதியா இருப்பார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டேங்கைக் கையில் வாங்கும்போது அவர் கையுறை கேட்க மாட்டார். நாமும் கொடுக்க மாட்டோம்.

23/ கையால் மலம் அள்ளுவதற்கு ஆள் வைப்பதை 1993லயே சட்டம் தடை பண்ணுச்சு. 2013ல இன்னும் கடுமையான சட்டம் வந்துச்சு. செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்குச்சு. தொகையை ஏத்த வேண்டி வந்துச்சுன்னா சாவு நிக்கலைன்னுதானே அர்த்தம்? வேன் டேங்க் அந்தச் சட்டத்தின் வார்த்தைக்குள்ள வருமா வராதான்னு வக்கீலுங்க வாதாடட்டும். அடுத்தவங்க மலத்தைக் கையில் சுமந்துட்டுப் போற வேலை எதுன்னு புரிஞ்சுக்க நமக்கு சட்டப் புத்தகம் தேவையில்லை.

24/ "சம்மதிச்சுத்தானே செய்றார், காசும் கொடுக்கறோமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் மறுத்தா அடுத்த டிரிப்புக்கு அவரைக் கூப்பிடுவீங்களா? கூப்பிட மாட்டீங்கன்னா அது சம்மதம் இல்லை. இன்னொருத்தர் "ஆஸ்பத்திரியில் நர்சும் ஆயாம்மாவும் செய்யலையா?" என்றார். அது எழுந்து போக முடியாத நோயாளிக்குச் செய்யும் பராமரிப்பு. அங்கேயும் கையுறை, தடுப்பூசி, மருத்துவக் கழிவு விதி எல்லாம் இருக்கணும்னுதான் நாங்க சண்டை போடறோம். நல்லா நடந்து, போண்டா சாப்பிட்டு, செல்ஃபி எடுக்கறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

25/ ஒரு வாதத்தை நான் ஏத்துக்கறேன். "நாங்களே கொட்டணும்னாலும் எங்கே கொட்டறது? இடமே இல்லையே?" நியாயம். வழி இல்லாத ஊர் இல்லை இது. பெரியநாயக்கன்பாளையத்தில் செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்க நிலையம் இருக்கு. உக்கடத்தில் ஒரு நாளைக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவில் கழிவுநீர் நிலையம் இருக்கு. மேட்டுப்பாளையம், ஊட்டி, ஆழியாறு மூணு இடத்திலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூடி போட்ட தொட்டி, ஒரு தண்ணிக் குழாய், ஒரு சோப்பு, ஒரு போர்டு. டேங்க் கொண்டு வர்றவர் தானே ஊத்தி, தானே அலசிட்டுப் போகணும். இதுக்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். கேரவன் வாடகைக்கு விடறவங்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே "எங்கே, யார் காலி பண்றாங்க" என்று எழுதி வாங்கலாம்.

26/ அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது: வாடகைக்கு வண்டி பேசும்போதே "டேங்கை நாங்களே காலி பண்ணிக்கறோம், எப்படின்னு மட்டும் காட்டிக் கொடுங்க" என்று சொல்லிடுங்க. ரூம் புக் பண்ணும்போது அங்கே டாய்லெட்டில் ஊத்திக்கலாமான்னு கேட்டுக்கங்க. டிரைவர் அண்ணாவுக்கும் அதே டாய்லெட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்க. அவரும் மனுஷன்தான், அவரும் அடக்கிக்கிட்டுத்தான் ஓட்டறார்.

27/ வீட்டு விஷயமும் ஒண்ணு. செப்டிக் டேங்க் நிறைஞ்சா ஆளை இறக்காதீங்க. வண்டி வெச்சு உறிஞ்சி எடுக்க 14420க்குக் கூப்பிடுங்க. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினா முதல்ல மூக்கின் வாசனை உணர்வையே மரத்துப்போகச் செய்யும். "நாத்தம் இல்லையே" என்று நினைச்சு இறங்கறவர் திரும்பி ஏற மாட்டார். காப்பாத்தக் குதிக்கிற ரெண்டாவது ஆளும்தான்.

28/ கடைசியா, வீட்டில் பேசி முடிவு பண்ண வேண்டியது. டேங்க் தூக்கற வேலையை அம்மா தலையில கட்டிடாதீங்க. டூர் போறதுக்கு முன்னாடியே முறை போட்டுக்கங்க: முதல் நாள் அப்பா, ரெண்டாம் நாள் பையன், மூணாம் நாள் மாப்பிள்ளை. காலேஜ் படிக்கிற பையன் ஒரு தடவை அதைத் தூக்கிட்டுப் போய் ஊத்தி அலசிட்டு வந்தான்னா, தெருவில் சாக்கடை அள்ளுற அண்ணாவை அதுக்கப்புறம் வேற மாதிரிதான் பார்ப்பான்.

29/ அம்மாயியைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க தண்ணி குடிக்கிறாங்களா, மாத்திரையை விடாம சாப்பிடறாங்களான்னு பாருங்க. கெமிக்கல், மலைப்பாதை, மாத்திரை நேரம் பத்தி சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ராத்திரி ஓ.பி. முடிஞ்சதும் ஒண்ணொண்ணா பதில் போடறேன்.


பொது மருத்துவர், சரவணம்பட்டி